பவுனக்காவின் டம்ளர்

நவம்பர் 4, திங்கள்

அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்புக் கொடுத்தாகிவிட்டது. மற்றவர்கள் எரிமலை, காற்றாலை, சொட்டுநீர்ப் பாசனம். நான் "உணவுக்கு ருசி எங்கிருந்து வருகிறது?" என்று எழுதிக் கொடுத்தேன். ஜெனிஃபர் மிஸ், "மெஸ்காரர் பொண்ணு வேற எத எழுதும்?" என்றார். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவே சிரித்தது. சிரிக்கட்டும்.

பள்ளி நூலகத்தில் உணவைப் பற்றிய தடிமனான புத்தகம் ஒன்று கிடைத்தது. நமக்கு அறுசுவை. அதில் அடங்காத ஒன்றை ஜப்பானியர்கள் சொல்கிறார்கள்: உமாமி. கடற்பாசியையும் காய்ந்த மீனையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் அது இருக்கிறது. வாய் முழுக்க நிறைந்து, விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கும் ருசி. இத்தாலிக்காரர்கள் அதைப் பழகிய பாலாடைக்கட்டியிலிருந்தும் தக்காளியிலிருந்தும் எடுக்கிறார்கள். சீனர்கள் புளிக்கவைத்த சோயாவிலிருந்து. பர்மாக்காரர்கள் இறால் விழுதிலிருந்து. ஊர் எதுவானாலும் காயவைக்க வேண்டும், அல்லது புளிக்கவைக்க வேண்டும், அல்லது பொறுமையாக வேகவைக்க வேண்டும்.

படித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தேன். எங்கள் மெஸ் சாம்பார்தான். வாய் நிறைந்தது. விழுங்கிய பிறகும் தங்கியது.

இரண்டு மாதத்துக்கு முன்பு அது அப்படி இருக்கவில்லை. அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

தகவல்களை ஒழுங்காகப் பதிய வேண்டும்.

உறையூரில் ஏகாம்பரம் சைவ மெஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏகாம்பரம் என் அப்பா. பரிமாறுவதும் கல்லாவும் அவர். சமையல் அம்மா. சட்டதிட்டம் எல்லாம் அப்பாவின் அக்கா காந்திமதி அத்தை. அத்தையின் முதல் சட்டம்: சமைக்கும்போது யாரும் ருசி பார்க்கக் கூடாது. அத்தை காலையில் பஞ்சவர்ணசாமி கோவிலுக்குப் போய்த் திரும்பி, அடுப்படிப் பிள்ளையாருக்குக் காட்டி, காக்கைக்கு வைத்த பிறகுதான் ஒரு பருக்கை யார் வாய்க்கும் போகலாம். அதற்கு முன் நாக்கில் பட்டால் அது எச்சில்.

பிறகு அம்மா உப்பை எப்படிப் பார்ப்பாள்? மூக்கால். மூடியைத் திறந்து ஆவியைக் கையால் முகத்துப் பக்கம் விசிறுவாள். "இன்னும் அரைக் கல்லு உப்பு" என்பாள். தப்பியதே இல்லை.

புரட்டாசியில் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்து அம்மாவுக்குப் பின்மண்டையில் தையல் போட்டார்கள். எழுந்து வந்தபின் சில நாள் குழம்பு உப்புக் கரித்தது. ரசம் வெறும் புளித்தண்ணி. வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சமையலுக்கு ஆள் போட்டுவிடலாம் என்று அத்தை சொன்னாள். அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள்.

அப்புறம் திடீரென்று இந்த ருசி. இன்று டிபன் கேரியர் வாங்க வந்த வங்கி மாமா, "சாம்பார்ல என்னதான் போடுறீங்க? கை கழுவினாலும் நாக்க வுட்டுப் போவமாட்டேங்குது!" என்றார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

புகழ்ந்தால் யாராவது ஓடி ஒளிவார்களா?

நவம்பர் 7, வியாழன்

முக்கியமான தகவல். அத்தை கோவிலுக்குப் போன பிறகு, நான் பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்கதவின் தாழ் விலகும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பவுனக்கா! முந்தானைக்குள் எதையோ மூடி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அம்மா கதவைச் சாத்தினாள். சிறிது நேரத்தில் வெளியே வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சந்தில் இறங்கி நடந்தாள்.

மார்க்கெட் முனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் வண்டி போட்டிருப்பவள் பவுனக்கா. அவளுடைய அப்பா அம்மா பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவர்கள். அவள் வண்டியில் ஒரு கண்ணாடி ஜாடி உண்டு. அதில் சிவப்பாக ஒரு பொடி. இறால் பொடி.

நான் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை. பதிவு மட்டும் செய்கிறேன்.

நவம்பர் 8, வெள்ளி

புத்தகத்தில் ஒரு சோதனை: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆப்பிளும் வெங்காயமும் கடித்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாதாம். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஆப்பிள் இல்லாததால் கொய்யாக்காயை வைத்துச் செய்தேன். உண்மைதான்.

மாலையில் அம்மாவிடம் சொன்னேன். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"மூக்கு போனா நாக்கும் போச்சுன்னா போட்டிருக்கு?"

"முழுசா இல்லம்மா. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மத்ததெல்லாம் போயிடும்."

"திரும்ப வருமான்னு போட்டிருக்கா?"

"எதும்மா?"

"ஒண்ணுமில்ல. நீ படி."

அம்மாவுக்கு அறிவியலில் இவ்வளவு ஆர்வம் உண்டென்று எனக்குத் தெரியாது. அல்லது பேச்சை மாற்றத்தான் கேட்டாளா?

நவம்பர் 9, சனி

நேரடி விசாரணை. நூலகத்துக்கு என்று சொல்லிவிட்டு மார்க்கெட் முனைக்குப் போனேன். பவுனக்கா முட்டைக்கோஸ் சீவிக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. சைவ மெஸ் பொண்ணு எங்க இந்தப் பக்கம்? எட்டி நில்லு, வாசனை ஒட்டிக்கப் போவுது. உங்க அத்தை உன்ன மஞ்சத்தண்ணியில முக்கி எடுப்பாங்க."

"ஸ்கூல் புராஜெக்ட் அக்கா. உங்க சூப்புக்கு எப்படி அவ்வளவு ருசி?"

"வாழத்தண்டு, மீனு, வறுத்த கடலமாவு, கொஞ்சம் ஙப்பி. ஙப்பின்னா எறாவ உப்பு போட்டு ஊற வெச்சு அரைக்கிறது. சுண்டைக்காய் அளவு போட்டாப் போதும். சட்டி பூராவும் தூக்கிக் குடுத்துடும்."

"சுண்டைக்காய் அளவு போட்டா, போட்டதே தெரியாதா?"

"தெரியாது. ருசி மட்டும்தான் தெரியும். அதான அதோட கெட்டிக்காரத்தனம்."

"சைவத்துல போட்டா கூடவா?"

சீவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "சைவத்துல எதுக்குப் பாப்பா அதப் போடணும்? சைவத்துக்கு வேற வழி இருக்கு." பிறகு யாரோ முட்டை பேஜோ ஒரு தட்டு கேட்டார்கள். திரும்பிக்கொண்டாள்.

வேறு வழி என்ன என்று சொல்லவே இல்லை.

நவம்பர் 11, திங்கள்

மழை. பள்ளி விடுமுறை. இரண்டு சம்பவங்கள்.

ஒன்று: பால் அடிப்பிடித்துத் தெருவே நாறியது. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். "எங்க நெனப்போ இருந்துட்டேன்" என்றாள். மனத்தில் ஏதோ பாரம் இருக்கிறது. குற்றம் செய்தவர்களுக்கு இப்படிக் கவனம் சிதறும் என்று படித்திருக்கிறேன்.

இரண்டு: பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு வைத்து நின்றாள். இழுத்து இழுத்து மோந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் வந்ததும் டப்பாவை மூடிவிட்டாள்.

எதற்குப் பெருங்காயத்தை இப்படிச் சோதிக்க வேண்டும்? ஒரே காரணம்தான் தோன்றுகிறது. வேறொரு வாசனையை மறைக்க அது போதுமா என்று பார்க்கிறாள்.

நவம்பர் 12, செவ்வாய்

சோதனை எண் 1. பவுனக்காவின் வண்டியடியில் படுத்திருக்கும் சாம்பல் பூனைக்கு மீன் என்றால் உயிர். வாழை இலைத் துண்டில் எங்கள் சாம்பார் சாதம் வைத்தேன். இலையோடு நக்கியது.

நவம்பர் 13, புதன்

ஒப்பீட்டுச் சோதனை. இன்று தயிர்சாதம் வைத்தேன். அதையும் நக்கியது. என் ரப்பரையும் நக்கியது. பூனை நம்பத்தகுந்த கருவி அல்ல.

நவம்பர் 15, வெள்ளி

மடத்திலிருந்து இருவர் வந்தார்கள். இருபத்து நான்காம் தேதி குருபூஜை. இவ்வளவு காலம் தஞ்சாவூரிலிருந்து ஆள் வந்து சமைப்பார்களாம். இந்த முறை எங்கள் மெஸ் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் யாரோ சொல்லி, அம்மா கையால் வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். அடியார்கள் சாப்பிடும் சாப்பாடு. இங்கே சமைத்து அண்டாக்களில் அனுப்ப வேண்டும்.

அத்தைக்குத் தரையில் கால் பாவவில்லை. "எங்க அடுப்படியில நாக்கு படாதுங்க. பிள்ளையாருக்கு முன்னாடி ஒரு துளி படாது" என்று நான்கு தடவையாவது சொன்னாள்.

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன் முகராத அடியார்களின் இலையில் இறால் விழுந்தால்? பிறகு யாராவது கண்டுபிடித்தால்? மெஸ் பலகையில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் 'சைவ' என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஊரே வந்து உட்காருகிறது.

நவம்பர் 16, சனி

அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அத்தை அர்ச்சனைக் கூடையோடு கிளம்பினாள். தெருமுனை வரை போய், சந்து வழியாகத் திரும்பி வந்து, பின்கதவுக்கு வெளியே நின்றாள். நான் துணி காயப்போடும் சாக்கில் கொல்லையில் இருந்தேன். பவுனக்கா வந்தாள். ஈரத்தலை, நெற்றியில் திருநீறு.

"முந்தானைக்குள்ள என்னா?" என்றாள் அத்தை.

"டம்ளரும்மா."

"குடு இப்படி."

மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். அத்தை திறந்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள். கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"எறாப் பொடி எங்க?"

பவுனக்கா அத்தையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஓ. பூனைக்கு சாதம் வெச்சது இதுக்குத்தானா?"

"வெறும் டம்ளர எதுக்குடி மூடிக் கொண்டாற?"

"உங்க டம்ளர்ல நான் வாய் வெக்கக் கூடாதுன்னுதாம்மா."

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். கையில் கரண்டி. "அவள வுடுங்க அண்ணி. நான்தான் வரச் சொன்னேன். ருசி பாக்க."

"என்னது?"

"எனக்கு மூக்கு போச்சு அண்ணி. விழுந்தேன்ல, அன்னையிலேருந்து. காப்பி, கருவேப்பில, பெருங்காயம், ஒண்ணும் தெரியல. பால் தீஞ்சாக்கூடத் தெரியல. நாக்குல வெச்சா உப்பும் புளிப்பும்தான். மத்ததெல்லாம் சுடுதண்ணி. வந்தாலும் வரும், வராமலும் போவும்ங்கறாரு டாக்டர்."

மீதியைப் பவுனக்கா சொன்னாள். "சூப்புக்கு வாழத்தண்டு கேட்டு வந்தேம்மா. உள்ள எண்ண பத்திக்கிற மாதிரி பொகை. இவங்க பக்கத்துலயே நின்னுட்டிருக்காங்க, கண்ணுல தண்ணி வழியுது, ஏன்னு தெரியல. அன்னையிலேருந்துதான் வரேன். கரண்டிய ஒசத்தி என் டம்ளர்ல ஊத்துவாங்க. அடுப்படி மூலையில நின்னு குடிச்சுட்டுச் சொல்லுவேன். மல்லி இன்னும் செவக்கணும், தக்காளி எண்ண பிரியற வரைக்கும் வதங்கணும்னு. மூக்கு இருந்தப்ப அவங்க வாசனை வந்ததும் எறக்கிடுவாங்க. இப்ப நெறத்தப் பாத்து எறக்குறாங்க. அவ்வளவுதான் ரகசியம்."

அத்தையின் முகம் வெளுத்திருந்தது. "அப்ப இத்தன நாளும் நான் பிள்ளையாருக்கு எச்சில் சோத்தக் காட்டியிருக்கேன்."

"எச்சில் இல்லம்மா..."

"நாக்கு பட்டுச்சா இல்லயா?"

பவுனக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அத்தை அடுப்படி வாசலில் நின்று சொன்னாள்: "குருபூஜைக்கு நான் ஆள் பாக்கறேன்."

"இந்தத் தடவ வேற கை வந்துச்சுன்னா அப்புறம் அது போவாது அண்ணி" என்றாள் அம்மா. "நான் காய் நறுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்."

அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். "எனக்குத் தெரியும் திலகம். உப்புக் கரிச்ச அன்னைக்கே தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அடுப்ப வுட்டு எந்திரிச்சுடுவ."

என் பக்கமிருந்து ஒன்று குறித்துவைக்க வேண்டும். கிடைத்த தகவல்களை வைத்துத்தான் நான் முடிவுக்கு வந்தேன். தகவல்கள் போதவில்லை. வேறொன்றும் இல்லை.

நவம்பர் 18, திங்கள்

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும். இன்று சாம்பாரில் உப்பே இல்லை.

நவம்பர் 20, புதன்

அத்தை அமைதியாக இருப்பது சந்தேகமாக இருக்கிறது. திருவானைக்காவல் சமையல்காரர் ஒருவரோடு போனில் பேசினாள். "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள்.

"நீதான் நிறையப் படிக்கிறியே. சாமிக்குக் காட்டின பின்னாடி அது யாருது?"

"பிரசாதம் அத்தை. எல்லாருதும்."

"ஒரு கரண்டி காட்டினா அந்தக் கரண்டி மட்டும்தான் பிரசாதமா, அண்டா முழுக்கவா?"

"அண்டா முழுக்கத்தான். அப்படித்தான தெனம் செய்யறோம்?"

"ம்." விபூதியை நெற்றியில் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னை எதிலோ மாட்டிவிடப் பார்க்கிறாள்.

கண்காட்சியை மழைக்காகத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். அதைப் பற்றி இப்போது நினைப்பே இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

அத்தையின் திட்டம் தெரிந்துவிட்டது. இட்லி மாவு கரைத்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "குழம்பு கொதி வந்ததும் முதல் கரண்டிய நான் பிள்ளையாருக்குக் காட்டிடறேன். அப்புறம் அது பிரசாதம். பிரசாதத்த யாரு வேணா வாயில வெக்கலாம். வெச்சுட்டு உப்பு போடு, புளி போடு, என்ன வேணா போடு."

"அப்ப பிள்ளையாருக்கு?"

"அவருக்கு உப்பு கம்மியா இருந்தா பொறுத்துப்பாரு. எத்தன வருஷமா என்னப் பொறுத்துக்கல?"

அம்மா இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு, "அவ வருவாளா அண்ணி?" என்றாள். அத்தை என்னைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

மார்க்கெட் முனைக்குப் போனேன். பவுனக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்ன பாப்பா, இன்னைக்கு யாருக்கு சோறு வெக்கப்போற?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். குருபூஜை, முதல் கரண்டி, பிரசாதம்.

"உங்க அத்தை என் டம்ளர மோந்து பாத்தாங்க. ரெண்டு தடவ. நான் தெனம் குளிச்சுட்டு, வண்டிச் சாமான் ஒண்ணத்தையும் தொடாமத்தான் வந்தேன். அன்னைக்குச் சனிக்கிழம என்கிட்ட நின்னு இவ்வளவு கேட்டியே, 'எதுக்கு வீட்டுக்கு வரீங்க'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? பூனைகிட்டப் போய்க் கேட்ட."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மிளகாய் வறுத்த புகையாக இருக்கலாம்.

"உங்க அம்மாவுக்காக வருவேன். ஆனா கொல்லைப் பக்கமா வரமாட்டேன். வாசப் பக்கம், உங்க அத்தை கூப்பிடணும்."

அத்தையிடம் அப்படியே சொன்னேன். அவள் விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விட்டாள். திருவானைக்காவல்காரரையும் இன்னும் வேண்டாமென்று சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

விடியும்போதே தூறல். அம்மா மூன்று அண்டா ஏற்றியிருந்தாள். மல்லியை நிறம் பார்த்து வறுத்தாள். பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தாள். குழம்பு கொதிக்கத் தொடங்கியது. பழக்கத்தில் ஆவியை முகத்துப் பக்கம் விசிறினாள். பாதியில் கையை இறக்கிக்கொண்டாள்.

வாசலில் பவுனக்கா நின்றாள். நனைந்துகொண்டு, வாசல் திண்ணைக்கு அந்தப் பக்கமாக. படி ஏறவில்லை. கையில் டம்ளர், இன்று முந்தானைக்கு வெளியே. இலை அறுத்து வந்தவர்களும் மடத்துப் பையன்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அத்தை எழுந்து வாசலுக்குப் போனாள். கூப்பிடுவாளா, வேறு ஏதாவது சொல்லிவிடுவாளா என்று பார்க்க நானும் பின்னால் போனேன்.

"செருப்ப உள்பக்கமா வுடு. மழையில அடிச்சுட்டுப் போயிடும்" என்றாள் அத்தை.

பவுனக்கா படி ஏறினாள். செருப்பைக் கழற்றி, அத்தையின் செருப்புக்குப் பக்கத்தில் விட்டு, உள்ளே வந்தாள்.

அத்தை முதல் கரண்டியைப் பிள்ளையாருக்குக் காட்டினாள். மணி அடித்தாள். அதே கரண்டியால் பவுனக்காவின் டம்ளரில் ஊற்றினாள். ஒரு சொட்டு பவுனக்காவின் விரலில் சிந்தியது.

"புளி முந்துது" என்றாள் பவுனக்கா. "வெல்லம் ரெண்டு அச்சு. உப்பு போதும்."

"உப்பு போதுமா? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றாள் அத்தை.

"வேணும்னா நீங்களே பாருங்களேன், பிரசாதந்தான?"

அத்தை பார்த்தாள். சமைத்துக்கொண்டிருக்கும் குழம்பை வாழ்நாளில் முதல் முறை. "போதும்" என்றாள் மெதுவாக.

மடத்திலிருந்து அண்டாக்கள் வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வந்தன. அடுத்த வருடமும் இதே கைதான் என்று பெரியவர் சொல்லியனுப்பினார். திருவானைக்காவல்காரர் போன் செய்தபோது அத்தை, "யாருங்க நீங்க?" என்று கேட்டாள்.

எல்லோரும் போன பிறகு, மூன்று மணி வெயிலில், அம்மா அடுப்படியிலேயே இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் ஒரு இலை. சாம்பாரை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"சொல்லு."

"என்னம்மா?"

"எப்படி இருக்கு?"

"உமாமின்னு ஒண்ணு இருக்கும்மா. அது வந்து..."

"புஸ்தகத்துல இருக்கறது வேணாம். உன் வாயில என்ன வருது, அதச் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டேன். "மொதல்ல புளி. ஆனா நிக்கல, ஒதுங்கி வழி வுடுது. அப்புறம் பருப்பு, நெய் மாதிரி நாக்குல படருது. தக்காளி எங்கயோ உள்ள இருக்கு, தனியாத் தெரியல. முழுங்கினப்புறம் மல்லி வருதும்மா. வறுத்த மல்லி. வெயில் காஞ்ச மொட்டைமாடியில மொதல் மழ பெஞ்சா வருமே, அந்த மாதிரி. மூக்குக்குப் பின்னால நிக்குது."

அம்மா மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் நிக்குதா?"

"நிக்குதும்மா."

மெதுவாக விழுங்கினாள். இலையில் இன்னும் ஒரு கை சாதம் போட்டுக்கொண்டாள். குழி கட்டி ரசத்தை ஊற்றினாள்.

"ம். இப்ப ரசத்தச் சொல்லு."